ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டும் காரியம் கெடுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சிம்மக்கல், அண்ணா நகர், கே.கே. நகர் என்று மதுரையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு தொங்குகிறது. டென்ஸ், வாய்ஸ், ஆர்ட்டிகிள் எல்லாம் படித்துவிட்டு வருகிறார்கள். அப்புறம் ஒரு பேனா கேட்கும்போதோ, ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி கேட்கும்போதோ மாட்டிக்கொள்கிறார்கள். வாக்கியத்தில் பெரிய பிழை இருக்காது. கேட்டவர் முகம் மட்டும் மாறிவிடும்.

என் வகுப்புக்கு வருகிறவர்கள் சொல்லும் புகார்களைத்தான் கீழே தலைப்பாகப் போட்டிருக்கிறேன். லாட்ஜ் ரிசப்ஷனில் நிற்பவர்கள், வடபழஞ்சி, இலந்தைக்குளம் ஐடி பார்க்குகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள், வெளிநாடு போகக் காத்திருக்கும் நர்ஸ்கள், கோயிலைச் சுற்றித் தையல் கடை வைத்திருப்பவர்கள் சொன்னவை. உங்கள் புகார் எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றக் கோளாறுகளில் பாதிக்கு வேர் அதில்தான் இருக்கிறது.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். "குட் யூ" என்று வருகிற குட், கேன் என்பதன் அண்ணன். குட் மார்னிங்கில் வருகிறவர் வேறு ஆள்.

அறிகுறி: "ப்ளீஸ் போட்டேன், சார் போட்டேன். அப்படியும் அதட்டுகிற மாதிரி இருக்கிறதாம்"

தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. அனுப்பு, அனுப்புங்க, அனுப்புங்களேன், அனுப்புறீங்களா என்று ஒரே வேலையை நாலு படி ஏற்றி இறக்கலாம். போதாததற்கு அண்ணே, சார், மேடம், கொஞ்சம் என்று துணைக்கு ஆள் இருக்கிறது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, "அண்ணே, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி உக்காருங்களேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வடிவத்தில் அது ஏவல்தான். ஆனால் அந்த "ஏன்" ஏவலைக் கெஞ்சலாக மாற்றிவிடுகிறது.

ஆங்கில வினைக்கு வால் கிடையாது. "மூவ்" என்றால் நாய்க்கும் மூவ்தான், நீதிபதிக்கும் மூவ்தான். அதனால் "பிரதர், லிட்டில் மூவ் ப்ளீஸ்" என்று சொல்லும்போது நீங்கள் மனசுக்குள் வைத்திருந்த "உக்காருங்களேன்" முழுக்க உதிர்ந்துபோய், ஏவல் மட்டும் மிச்சமாகிறது. ப்ளீஸ் சேர்த்தால் அது ப்ளீஸ் சேர்த்த ஏவல், அவ்வளவுதான்.

அப்படியானால் ஆங்கிலக்காரர் மரியாதையை எங்கே வைக்கிறார்? எதிராளி "முடியாது" என்று சொல்ல ஓர் இடம் விட்டு வைக்கிறார். அதற்காகத்தான் கேள்வியாகக் கேட்கிறார். "குட் யூ மூவ் ஓவர் எ பிட், ப்ளீஸ்?" உண்மையில் அந்த ஆள் நகர்ந்துதான் ஆக வேண்டும், இரண்டு பேருக்கும் அது தெரியும். ஆனாலும் நகர்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்வது போல வாக்கியம் அமைகிறது. நாம் ஆளுக்கு மரியாதை கொடுக்கிறோம், அவர்கள் ஆளின் விருப்பத்துக்குக் கொடுக்கிறார்கள். இந்த ஒன்று பிடிபட்டால் கீழே வருகிற பாதி நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சரிசெய்வது எளிது. வினையில் தொடங்காதீர்கள். "குட் யூ" அல்லது "கேன் யூ" என்று தொடங்குங்கள், கேள்வியாக முடியுங்கள். "கொஞ்சம்" என்பதை "லிட்டில்" என்று முன்னால் ஒட்டாமல் "எ பிட்" என்று வினைக்குப் பின்னால் வையுங்கள். "வில் யூ" கொஞ்சம் ஆபத்தானது. "வில் யூ ஷட் த டோர்?" என்பது பொறுமை இழந்த அப்பா மகனிடம் கேட்பது போலவும் ஒலிக்கும். "வுட் யூ" என்றால் அந்தப் பயமில்லை.

எழுத்தில் இது இன்னும் மோசமாகத் தெரியும், ஏனென்றால் உங்கள் சிரித்த முகம் அங்கே இல்லை. ஐடி பார்க்கில் வேலை பார்க்கும் ஒரு தம்பி வெளிநாட்டு கிளையன்டுக்கு அனுப்ப வைத்திருந்த செய்தி இது:

"ஹாய் மேடம், ப்ளீஸ் அப்ரூவ் த டிசைன் டுடே இட்செல்ஃப். கைண்ட்லி டூ த நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட்."

நம்மூரில் இது பணிவான செய்தி. அந்தப் பக்கம் படிப்பவருக்கு இரண்டு வாக்கியமும் ஏவல். "டுடே இட்செல்ஃப்" நம் "இன்னைக்கே" என்பதன் ஆங்கில வேடம், வெளியூரில் அப்படிச் சொல்வதில்லை. "கைண்ட்லி" இங்கே குழைவு, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது சுவரில் ஒட்டிய எச்சரிக்கை நோட்டீஸ் தொனி. "ரிவர்ட்" தான் வேடிக்கை. நாம் பதில் போடுங்கள் என்று நினைத்து எழுதுகிறோம், அவர்களுக்கு அது பழைய நிலைக்குத் திருப்பு என்று பொருள். புரோகிராமர் ஒருவரிடம் போய் "ப்ளீஸ் ரிவர்ட்" என்றால், செய்த மாற்றத்தை எல்லாம் அழிக்கச் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்வார்.

சரிசெய்த பிறகு: "ஹாய் சாரா, குட் யூ அப்ரூவ் த டிசைன் டுடே, இஃப் பாசிபிள்? வீ நீட் இட் டு ஸ்டார்ட் பிரிண்டிங் டுமாரோ மார்னிங், இண்டியா டைம்." காரணம் ஒரே வரி. யார் ஊர் நேரம் என்பதும் வந்துவிட்டது. அது இல்லாமல் "பை எண்ட் ஆஃப் டே" என்று எழுதிவிட்டு, யாருடைய பகல் என்று தெரியாமல் இரவெல்லாம் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

இதற்காக "கைண்ட்லி" தப்பு என்று யாரும் கிளம்ப வேண்டாம். கலெக்டர் ஆபீஸ் மனுவிலும், பேங்க் கடிதத்திலும், பள்ளிக்கூடத்திலும் அதுதான் நடப்பு. அங்கே அதைத்தான் எழுத வேண்டும். ஊருக்குத் தக்க பேச்சு, அவ்வளவுதான்.

அறிகுறி: "உதவி கேட்டேன், உத்தரவு போடுகிறாயா என்கிறார்"

"நீங்கதான் எனக்கு ஒரு உதவி செய்யணும்." தமிழில் இதைவிடப் பணிவாகக் கேட்க முடியாது. உங்களை விட்டால் வேறு யார் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. அதையே "யூ மஸ்ட் டூ மீ ஒன் ஹெல்ப்" என்று மாற்றினால் எதிராளிக்கு மறுக்க இடமே இல்லாமல் போகிறது. "யூ ஹேவ் டு", "யூ ஷுட்" எல்லாம் இதே ரகம். நம் "ணும்" ஆங்கிலத்தில் நுழையும்போது கட்டாயமாக மாறிவிடுகிறது.

மாற்றாக: "குட் யூ டூ மீ எ ஃபேவர்?" அல்லது "குட் யூ ஹெல்ப் மீ வித் சம்திங்?" ஹெல்ப் என்பதை எண்ணிக்கை போட்டு "ஒன் ஹெல்ப்" என்று சொல்ல முடியாது, எண்ணுவதற்கு ஃபேவர்தான் சரி.

ஆனால் மஸ்ட்டை அடியோடு தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கல்யாணத்துக்கு அழைக்கும்போது "யூ மஸ்ட் கம்" என்பது ஆங்கிலத்திலும் அன்பான அழைப்புதான். சாப்பாட்டு மேசையில் "ஹேவ் சம் மோர்", வீட்டுக்கு வந்தவரிடம் "கம் இன், சிட் டவுன்" எல்லாம் பச்சை ஏவல், யாரும் முகம் சுளிப்பதில்லை. காரியத்தால் லாபம் யாருக்கு என்று பாருங்கள். எதிராளிக்கு லாபம் என்றால் ஏவலாகவே சொல்லலாம், அதில் உபசாரம் தெரியும். உங்களுக்கு லாபம் என்றால் கேள்வியாகக் கேளுங்கள். விருந்தாளியிடம் போய் "குட் யூ பாசிப்லி ஈட் ஒன் மோர் இட்லி?" என்றால் இட்லி தீராமல் கிடக்கிறது போலிருக்கிறது என்று நினைப்பார்.

அறிகுறி: "லீவு கேட்டால் மேனேஜர் குழம்புகிறார்"

இங்கே மூன்று கோளாறு ஒன்றாகக் கிடக்கும். ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம்.

முதலில் "ஷல் ஐ". நம் "லாமா" மூன்று வேலை செய்கிறது. "நான் போகலாமா?" அனுமதி. "நாம் போகலாமா?" யோசனை. "நான் எடுத்துட்டு வரலாமா?" உதவ முன்வருவது. மூன்றுக்கும் ஒரே "ஷல்" போட்டுப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் "ஷல் ஐ" பெரும்பாலும் உங்களுக்காக நான் செய்யட்டுமா என்ற பொருளில் வரும்: "ஷல் ஐ கேரி தட் ஃபார் யூ?" ஆகவே "ஷல் ஐ டேக் லீவ் டுமாரோ?" என்று கேட்டால், இவன் லீவு எடுப்பதால் எனக்கு என்ன உபகாரம் என்று மேனேஜர் முழிப்பார். "அது உங்கள் விருப்பம்" என்று பதில் வரும்.

அடுத்து "பர்மிஷன்". நம் ஊர் அலுவலகங்களில் பர்மிஷன் என்றால் தாமதமாக வருவதற்கோ சீக்கிரம் கிளம்புவதற்கோ வாங்குகிற ஒரு மணி நேரம். "இன்னைக்கு பர்மிஷன் போட்டிருக்கேன்" என்றால் அட்டெண்டர் முதல் அதிகாரி வரை எல்லோருக்கும் புரியும். லண்டனில் இருக்கும் டீம் லீடரிடம் "ஐ வாண்ட் பர்மிஷன் டுடே" என்றால் "பர்மிஷன் டு டூ வாட்?" என்றுதான் கேட்பார். விஷயத்தை உடைத்துச் சொல்லுங்கள்: "குட் ஐ லீவ் அன் அவர் ஏர்லி டுடே?"

மூன்றாவது, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்த அந்தக் கடிதம். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ். தேங்கிங் யூ, யுவர்ஸ் ஒபீடியன்ட்லி." வேலைக்குப் போன பிறகும் ஜுரம் வந்தால் கை தானாக இதைத்தான் டைப் செய்கிறது. வெளிநாட்டு டீமில் உடம்பு சரியில்லை என்பதற்குப் பொதுவாக அனுமதி கேட்பதில்லை, தகவல் சொல்கிறார்கள். "ஐ ஆம் நாட் வெல் டுடே, சோ ஐ வோன்ட் பி ஏபிள் டு வொர்க்" என்பதோடு, உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள் என்று ஒரு வரி. அவ்வளவுதான். "கிராண்ட்", "ஒபீடியன்ட்லி" எல்லாம் வேண்டாம்.

அனுமதி கேட்க வேண்டியது முன்கூட்டித் திட்டமிட்ட லீவுக்கு. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று மதுரையில் உள்ளூர் விடுமுறை விட்டிருப்பார்கள், ஆனால் உங்கள் கிளையன்டுக்கு வைகையும் தெரியாது, அழகரும் தெரியாது. "வுட் இட் பி ஆல்ரைட் இஃப் ஐ டுக் ஃப்ரைடே ஆஃப்? இட்ஸ் த பிக்கஸ்ட் ஃபெஸ்டிவல் இன் மை டவுன், அண்ட் மோஸ்ட் ரோட்ஸ் நியர் த ரிவர் வில் பி க்ளோஸ்டு." ரோடு அடைப்பைச் சொல்வது நல்லது, திருவிழாவின் பெருமையைவிட அது அவர்களுக்குச் சட்டென்று புரியும்.

அந்த வாக்கியத்தில் "டேக்" இல்லை, "டுக்" இருக்கிறது. நாளைக்கு எடுக்கப் போகிற லீவுக்கு எதற்கு இறந்தகால வடிவம் என்று எல்லோரும் கேட்பார்கள். இங்கே காலம் பேசவில்லை, தூரம் பேசுகிறது. "கேன்" "குட்" ஆவதும், "வில்" "வுட்" ஆவதும், "ஐ ஆம் வொண்டரிங்" "ஐ வாஸ் வொண்டரிங்" ஆவதும் இதே காரணத்தால்தான். வினையை ஓர் அடி பின்னால் தள்ளி வைத்தால் கேள்வி அழுத்தாமல் நிற்கிறது. அதனால்தான் பதில் சொல்லும்போது அந்த வடிவம் வராது. "குட் ஐ சிட் ஹியர்?" என்று ஒருவர் கேட்டால் "யெஸ், யூ கேன்" என்பதே பதில். "யெஸ், யூ குட்" என்று சொன்னால் பாதியில் நிறுத்தியது போல இருக்கும்.

"மே ஐ" பற்றி ஒரு வார்த்தை. "மே ஐ கம் இன், சார்?" என்று வாசலில் நின்று பழகியவர்கள் நாம். "கேன் ஐ" தப்பு, "மே ஐ" தான் சரி என்று அடித்துச் சொல்லும் ஆசிரியர்கள் இன்னும் உண்டு. இன்றைக்கு ஆங்கிலம் பேசும் ஊர்களில் "கேன் ஐ", "குட் ஐ" இரண்டுமே அனுமதிக்குச் சாதாரணம். "மே ஐ" கொஞ்சம் மிடுக்கு. ஆனால் ஓரிடத்தில் அது அழகாகப் பொருந்தும்: ஒருவர் உடம்பைத் தொடும் முன். தையல்காரர் டேப்பை எடுத்ததும் "ஹேண்ட்ஸ் அப்" என்று சொல்லி வெளிநாட்டுப் பெண் ஒருத்தியைத் திடுக்கிட வைப்பதைவிட, "மே ஐ டேக் யுவர் மெஷர்மெண்ட்ஸ்?" என்று கேட்டு அவர் தலையாட்டும் வரை பொறுப்பது நல்லது. நர்ஸ்களுக்கும் இதுவேதான். "கிவ் மீ யுவர் ஹேண்ட்" வேண்டாம். "குட் யூ ரோல் அப் யுவர் ஸ்லீவ் ஃபார் மீ?" என்று கேளுங்கள். அந்த "ஃபார் மீ" பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் சகஜமாகக் காதில் விழும். வெளிநாடு போக நர்ஸ்கள் எழுதும் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதியே நோயாளியிடம் பேசுவது போன்ற ரோல் பிளேதான். என்ன சொன்னீர்கள் என்பதோடு நோயாளியை எப்படி நடத்தினீர்கள் என்பதற்கும் அங்கே மதிப்பெண் உண்டு.

அறிகுறி: "யெஸ் என்றுதான் சொன்னேன், அவர் சாரி கேட்டுவிட்டுப் போய்விட்டார்"

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. காலையில் அறையைக் காலி செய்த வெளிநாட்டுக்காரர், ராத்திரி ரயிலுக்கு முன் கோயிலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று முதுகுப் பையோடு ரிசப்ஷனில் நிற்கிறார். "வுட் யூ மைண்ட் இஃப் ஐ லெஃப்ட் மை பேக் ஹியர் டில் சிக்ஸ்?" கவுண்டரில் இருக்கும் பையன் முகமெல்லாம் சிரிப்பாக "யெஸ் சார், யெஸ் யெஸ்" என்கிறான், நம் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறான். வந்தவர் "ஓ, சாரி" என்று பையைத் திரும்பத் தோளில் மாட்டுகிறார். பையனுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை.

"வுட் யூ மைண்ட்" என்றால் உங்களுக்குத் தொந்தரவா என்று கேள்வி. யெஸ் என்றால் ஆமாம், தொந்தரவு. போதாததற்கு அந்தத் தலையாட்டல் அவருக்கு இல்லை என்பது போலத் தெரிந்திருக்கும். இரண்டும் சேர்ந்து கதவைச் சாத்திவிட்டன.

இதற்கு மனப்பாடம் வேண்டாம். தமிழிலும் இதே கேள்வி உண்டு. "உங்களுக்குத் தொந்தரவு ஒண்ணும் இல்லையே?" என்று ஒருவர் கேட்டால், "இல்லை இல்லை, வைங்க" என்றுதானே சொல்வோம்? காதில் "மைண்ட்" விழுந்ததும் மனசில் "தொந்தரவா?" என்று ஓட விடுங்கள், பதில் தானாக வரும்: "நோ, நாட் அட் ஆல். ப்ளீஸ், கோ அஹெட்." ஆங்கிலக்காரர்களே "ஷ்யூர்" என்று பதில் சொல்லி, கையால் வைத்துக்கொள்ளச் சொல்வதும் உண்டு. வெறும் யெஸ்ஸை மட்டும் தவிர்த்தால் போதும்.

ரயிலிலும் இதே பொறி. நாம் "இங்க ஆள் வருதா?" என்று கேட்கிறோம், அவர்கள் "இஸ் திஸ் சீட் டேக்கன்?" என்கிறார்கள். நோ என்றால் உட்காரலாம். துண்டு போட்டு இடம் பிடித்திருந்தால் யெஸ்.

நீங்களே "மைண்ட்" வைத்துக் கேட்பதானால் பின்னால் "டு" வராது. "வுட் யூ மைண்ட் க்ளோசிங் த டோர்?" சரி. "வுட் யூ மைண்ட் டு க்ளோஸ்" தப்பு.

அறிகுறி: "கெஞ்சினேன், குறை சொல்வதாக எடுத்துக்கொண்டார்"

"கொஞ்சம் பார்த்துச் சொல்லக் கூடாதா?" என்பது நமக்கு உரிமையோடு கெஞ்சுவது. "கேன்ட் யூ செக் அண்ட் டெல் மீ?" என்பது ஏன் இன்னும் செய்யவில்லை என்று சண்டைக்குப் போவது. "வை டோன்ட் யூ" அதைவிட ஒரு படி மேலே, யோசனை சொல்லும்போது தவிர மற்ற நேரத்தில் குற்றச்சாட்டாகவே கேட்கும். எதிர்மறைக் கேள்வியை ஆங்கிலத்தில் கெஞ்சலுக்குப் பயன்படுத்தாதீர்கள். அதே கெஞ்சலுக்கு: "இஸ் தேர் எனி சான்ஸ் யூ குட் செக் திஸ் ஃபார் மீ?"

அறிகுறி: "எல்லாம் சரி, ஆனால் எங்கேயோ இடிக்கிறது"

பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். "குட் யூ டெல் மீ வேர் இஸ் த பஸ் ஸ்டாண்டு?" என்று சொல்கிறீர்கள். ஒரு கேள்விக்குள் இன்னொரு கேள்வி நுழைந்தால் உள்ளே இருப்பது சாதா வாக்கியமாகிவிட வேண்டும்: "குட் யூ டெல் மீ வேர் த பஸ் ஸ்டாண்டு இஸ்?" அல்லது "கேன் யூ பாரோ மீ எ பென்?" என்கிறீர்கள். வாங்குகிறவர் பாரோ, கொடுக்கிறவர் லெண்ட். "கேன் ஐ பாரோ யுவர் பென்?" என்றால் முடிந்தது.

அறிகுறி: "போனில் மட்டும் கடுகடுவென்று இருப்பதாகச் சொல்கிறார்கள்"

போனை எடுத்ததும் நாம் சொல்வது "சொல்லுங்க". அதை "டெல் மீ" ஆக்கினால் சீக்கிரம் சொல்லித் தொலை என்கிற தொனி வந்துவிடும். "ஹலோ, ஹௌ கேன் ஐ ஹெல்ப்?" என்று எடுங்கள். "யாரு பேசுறது?" என்பதற்கு "ஹூ ஆர் யூ?" வேண்டவே வேண்டாம், "மே ஐ ஆஸ்க் ஹூஸ் காலிங்?" சரி. காதில் விழவில்லை என்றால் "வாட்?" என்று கத்தாமல் "சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?" என்று கேளுங்கள். "ஒன் மினிட்" என்று சொல்லிவிட்டு மறைவதற்குப் பதில் "குட் யூ ஹோல்ட் ஆன் எ மொமெண்ட்?" என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகு போனைக் கீழே வையுங்கள்.

இன்னொன்று, வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் "ஓகே?". "யூ கம் அட் டென், ஓகே?" நமக்கு அது "சரியா?" என்று சாதாரணமாகக் கேட்பது. அவர்களுக்குச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் படும். ப்ளீஸையும் கடைசியில் அழுத்திச் சொல்லாதீர்கள். "குட் யூ சென்ட் இட், ப்ளீஸ்" என்பதில் அந்தக் கடைசிச் சொல்லைத் தட்டி இறக்கினால் அது எத்தனை முறை சொல்வது என்ற சலிப்பு. லேசாக, கொஞ்சம் ஏற்றி விடுங்கள். இது படித்து வருவதில்லை. போனில் பதிவு செய்து நீங்களே கேட்டுப் பாருங்கள், முதல் தடவை சங்கடமாகத்தான் இருக்கும்.

அறிகுறி: "இப்போது ரொம்பப் பணிந்துபோய், கிண்டல் செய்கிறேனா என்று கேட்கிறார்கள்"

மருந்து அதிகமாகிவிட்டது. மேலே உள்ளதைப் படித்த உற்சாகத்தில், பக்கத்து சீட் நண்பனிடம் "ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் பாசிப்லி பாஸ் மீ த சால்ட்" என்று கேட்டால் அவன் சண்டைக்குத்தான் வருவான்.

எவ்வளவு பணிவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற மொழியியலாளர்கள் 1978-இல் பணிவைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் அதிகமாகத் தரவு எடுத்த மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று, கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பேசிய தமிழ். மற்ற இரண்டு ஆங்கிலமும், மெக்சிகோவில் பேசப்படும் செல்டால் மொழியும். மூன்று விஷயத்தைக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள்: அவர் உங்களுக்கு எவ்வளவு பழக்கம், யார் கை ஓங்கியிருக்கிறது, கேட்கிற காரியம் எவ்வளவு பாரம். நம்மவர்கள் நடுவில் உள்ளதை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள் என்பது என் கணிப்பு. அதிகாரியிடம் ஒரு பேனா கேட்கவே குழைவார்கள். தனக்குக் கீழே வேலை பார்ப்பவரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லும்போது "கம் ஆன் சண்டே" என்று இரண்டு நொடியில் முடித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் மூன்றாவதற்குத்தான் கனம் அதிகம். பேனா யாரிடம் கேட்டாலும் "கேன் ஐ பாரோ யுவர் பென்?" போதும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொல்வது யாரிடமானாலும், "ஐ நோ இட்ஸ் எ லாட் டு ஆஸ்க், பட் வுட் யூ பி ஏபிள் டு கம் இன் ஆன் சண்டே?"

காபிக் கடையில் "கிவ் மீ ஒன் காபி"க்குப் பதில் "கேன் ஐ ஹேவ் எ காபி, ப்ளீஸ்?" அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். தீப்பிடித்தால் பணிவே வேண்டாம், "கெட் அவுட்!"

அறிகுறி: "சரியாகக் கேட்டேன், பதில் மட்டும் புரியவில்லை"

"லெட் மீ சீ வாட் ஐ கேன் டூ." "தட் மைட் பி எ பிட் ட்ரிக்கி." இவை நம் "பார்ப்போம்" வகை. முதலாவது சில நேரம் நிஜமாகவே பார்ப்பார், இரண்டாவது அனேகமாக முடியாது என்று அர்த்தம். "ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்று தொடங்கினால் யாரும் பயப்படவில்லை, மறுப்பு வருகிறது என்று அறிவிப்பு. நீங்கள் மறுக்கும்போதும் இதையே பயன்படுத்தலாம். மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் போனோடு வருகிறவரிடம் "நோ மொபைல், நோ மொபைல்" என்று கையை ஆட்டுவதற்குப் பதில்: "ஐ ஆம் அஃப்ரெய்ட் போன்ஸ் ஆர் நாட் அலௌட் இன்சைட். குட் யூ லீவ் இட் அட் த கவுண்டர், ப்ளீஸ்?" விதி விதிதான், சொல்கிற விதத்தில் சண்டை வராது.

மறுப்பு வந்த பிறகு என்ன செய்வது? நம்மூரில் மூன்று தடவை வற்புறுத்தினால்தான் உண்மையாகக் கேட்கிறோம் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் இரண்டாம் முறை அதையே கேட்டால், முதலில் விட்டு வைத்த இடத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறோம். "தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்" கூட அப்படித்தான் சிலருக்குப் படுகிறது, சரி என்று சொல்லும் முன்பே நன்றி சொல்லி வாயை அடைப்பது போல. அதனால் "நோ ப்ராப்ளம், தேங்க்ஸ் எனிவே" என்று சொல்லிவிடுங்கள். திரும்பக் கேட்டே ஆக வேண்டும் என்றால் கோரிக்கையை மாற்றிக் கேளுங்கள்: "வுட் மண்டே பி எனி ஈசியர்?" அதற்கும் மழுப்பலாகவே பதில் வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.